மூன்று நாமங்களும் என் தம்பியும்

பாஸ்டர் வலது உள்ளங்கையில் தண்ணீரை அள்ளியிருந்தார். அவருடைய இடது கையில் என் தம்பியின் மகள், வெள்ளைக் கவுனுக்குள் கால்களை உதைத்துக்கொண்டு கிடந்தாள். "பிதா" என்று அவர் தொடங்கினார். முன்வரிசையில் நின்றிருந்த என் தம்பி, "நிறுத்துங்க பாஸ்டர்" என்றான்.

அவன் கத்தவில்லை. தொழிற்சாலையில் ஓடுகிற மெஷினை நிறுத்தச் சொல்லும் சூப்பர்வைசரின் குரல் அது. அதனால்தானோ என்னவோ, பாஸ்டர் உடனே நிறுத்திவிட்டார். அவர் விரல் இடுக்குகளிலிருந்து தண்ணீர் சொட்டிக் குழந்தையின் கவுனில் விழுந்தது.

"இயேசுவோட நாமத்துல மட்டும் கொடுங்க. மூணு நாமம் வேண்டாம். அப்படித்தான் கொடுப்பேன்னா என் பிள்ளைக்கு வேண்டாம்லா."

சபை முழுவதும் அவன் பக்கம் திரும்பியது. கோலா சாவா பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் எங்கள் கோயில் சின்னது; பலகைச் சுவர், தகரக் கூரை. ரந்தாவுக்கும் செண்டாயானுக்கும் சிரம்பானுக்கும் குடிபோய்விட்ட குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் காரில் வந்து கூடும் இடம்.

என் தம்பி மனைவி அவனைப் பார்க்கவே இல்லை. நேராகப் போய்ப் பாஸ்டரின் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். பிறகுதான் அவன் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்போ பெரியவனுக்குக் கொடுத்தது என்ன?"

அவன் கதவைத் தாண்டி வெளியே போனான்.

அந்தக் கேள்வியின் பாரம் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இந்தப் பெண்ணுக்கு முன்பு அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். மாதம் நிறைவதற்கு முன்பே வந்துவிட்டவன். சிரம்பான் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். இனி நம்பிக்கை இல்லை என்று டாக்டர் சொன்னபோது பாஸ்டர் வேறொரு தோட்டத்துக் கோயிலில் இருந்தார். அவர் வந்து சேர்வதற்குள் என்ன ஆகுமோ என்று பயமாயிருந்தது. ஆபத்து நேரத்தில் விசுவாசி யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று எங்கள் சபையில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நர்ஸ் பெட்டியின் பக்கத்துத் துவாரத்தைத் திறந்துவிட்டாள். மினரல் தண்ணீர் போத்தலின் மூடியில் கொஞ்சம் ஊற்றி, விரல் நுனியை நனைத்து, அந்தச் சின்னத் தலையில் மூன்று முறை வைத்தது நான்தான். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. மூன்று பெயரையும் சொன்னவளும் நான்தான். அன்று சாயங்காலம் அவன் போய்விட்டான்.

அதற்குப் பிறகு தம்பி கோயிலுக்கு வருவதை நிறுத்தினான். எங்கேயும் போகாமல் கிடந்தவனை அவனோடு வேலை செய்யும் ஒருவர், செண்டாயானில் ஒரு கடைவீட்டு மாடியில் கூடும் ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். அங்கே போனபின் அவன் சாப்பிட ஆரம்பித்தான், தூங்க ஆரம்பித்தான். நாங்கள் சந்தோஷப்பட்டோம். அவர்கள் என்ன போதிக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கடவுள் ஒரே ஒருவர், ஒரே ஆள், அவர் பெயர் இயேசு. பிதா, குமாரன், ஆவி என்பதெல்லாம் ஒரே ஆள் மாறி மாறிச் செய்த மூன்று வேலைகள். மூன்று பெயரில் வாங்கிய ஞானஸ்நானம் செல்லாது. திரும்ப வாங்க வேண்டும். தம்பி திரும்ப வாங்கியிருந்தான்.

கோயிலுக்கு வெளியே, கார்கள் நின்ற செம்மண் மேட்டில், கமிட்டித் தலைவர் அவனை மறித்தார். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். காட்டுக்குள் சிதறி நிற்கும் ஆட்களைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அவருக்கு.

"நீ யாருடா எங்க கோயில்ல வந்து ஆராதனைய நிறுத்துறதுக்கு? இவன சபையிலேர்ந்து தள்ளி வைக்கணும் பாஸ்டர். இப்பவே."

"தள்ளுங்க அங்கிள். உங்க நாமத்துல நான் இல்லவே இல்ல."

பாஸ்டர் இருவருக்கும் நடுவில் வந்தார். பல தோட்டத்துக் கோயில்களைப் பார்த்துக்கொள்பவர். எங்களிடம் மாதத்துக்கு ஒருமுறைதான் வர முடியும். "அடுத்த மாசம் நான் வருவேன். அப்போ உக்காந்து பேசுவோம். அதுவரைக்கும் யாரும் யாரையும் தள்ளக் கூடாது" என்றார். பிறகு என்னைத் தனியாக அழைத்தார்.

"டீச்சர், நீங்க சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவங்க. மூணு ஆள், ஒரே கடவுள்ங்கிற இந்தத் திரித்துவ உபதேசம் எங்கேருந்து எப்படி வந்துச்சுன்னு சபைக்கு நீங்க சொல்லுங்க. நான் சொன்னா, அது பாஸ்டரோட வேலை, அப்படித்தான் சொல்வாருன்னு உங்க தம்பி நெனப்பாரு." காரின் பின்பெட்டியைத் திறந்து தடித்த புத்தகங்கள் சிலவற்றை என் கையில் வைத்தார்.

தம்பி என் காருக்குப் பக்கத்தில் காத்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"அக்கா, திரித்துவம்ங்கிற வார்த்தை வேதத்துல எங்க இருக்குன்னு காட்டு. ஒரே ஒரு எடம் போதும். நாளைக்கே ஒத்துக்கிறேன்."

அந்த வார்த்தை வேதத்தில் இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. வீடு வரைக்கும் பாஸ்டரின் புத்தகங்கள் பக்கத்து சீட்டில் கிடந்தன. தேடிப் பார்த்து அவன் சொல்வதே சரி என்றாகிவிட்டால்? அந்தப் போத்தல் மூடித் தண்ணீர்?

அந்த வாரமே தம்பி மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தம்பி செண்டாயான் வீட்டில் தனியாக இருந்தான். சபையின் வாட்சப் குழுவில் கமிட்டித் தலைவரின் குரல் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. கள்ளப் போதகம், கள்ளப் போதகம் என்று. ஒரு நாள் ரந்தாவிலிருந்து வயதான ஆன்ட்டி ஒருவர் எனக்குப் போன் செய்தார். "டீச்சர், நான் வாங்குனதும் செல்லாதாமே? நான் இப்ப செத்தா என்னா ஆகும்?" அவருக்குச் சமாதானம் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

நான் படிக்க ஆரம்பித்தேன். ஆசிரியர் அறையில், மகளின் டியூஷன் வாசலில் காருக்குள், இடியாப்பம் வேகும் நேரத்தில். ஏதோ ஒரு அறையில் சில பெரியவர்கள் அமைதியாக உட்கார்ந்து யோசித்து எழுதிக் கொடுத்த உபதேசம் இது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். புத்தகங்களில் நான் கண்டது சண்டை. நூற்றாண்டுக் கணக்கில் சண்டை.

முதலில் நம்பியவர்கள் யூதர்கள். கடவுள் ஒருவரே என்று தினமும் வாயால் அறிக்கையிட்டு வளர்ந்தவர்கள். அவர்களே இயேசுவை நோக்கி ஜெபித்தார்கள். மூன்று பெயரைச் சொல்லித் தண்ணீரில் இறக்கினார்கள். செய்வதை முதலில் செய்துவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று விளக்க வார்த்தை அவர்களிடம் இல்லை. வெளியே இருந்தவர்கள் கேட்டார்கள்: உங்களுக்குக் கடவுள் ஒன்றா, இரண்டா? தத்துவம் படித்துவிட்டு விசுவாசத்துக்கு வந்த ஒருவர், ஒரு தீயிலிருந்து இன்னொரு தீயைப் பற்றவைத்தால் முதல் தீ குறைவதில்லை அல்லவா, அப்படி என்றார். அது நல்ல உவமைதான். ஆனால் பற்றவைத்தபின் தீ இரண்டாகிவிடுகிறதே என்று எனக்கே தோன்றியது.

அதற்கு அடுத்த தலைமுறையில் வந்த ஒரு பக்கத்தில் நான் நின்றுவிட்டேன். ஆசியாவிலிருந்து ரோமாபுரிக்கு ஒருவர் வருகிறார். பிதாவும் குமாரனும் ஒரே ஆள்தான், பிதாவே பிறந்தார், பிதாவே பாடுபட்டார் என்று போதிக்கிறார். என் தம்பியின் வாயிலிருந்து நான் கேட்ட அதே பேச்சு! கடைவீட்டு மாடியில் நேற்று முளைத்தது என்று நான் நினைத்தது ஆயிரத்தெண்ணூறு வருடத்துப் பழசு. அதற்குப் பதில் எழுதியவர் ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் பட்டணத்தில் இருந்தார். வக்கீல் போல வாதாடுபவர், சூடான நாக்கு. அந்த மனுஷன் பிதாவையே சிலுவையில் அறைந்துவிட்டான் என்று கேலி செய்தார். லத்தீனில் திரித்துவம் என்ற சொல்லை அதிகமாகப் புழங்கவிட்டவர் அவர்தான். கடவுள் என்ற சாரம் ஒன்று, ஆள் மூன்று என்று சொன்னவரும் அவர்தான்.

ஆக, தம்பி கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில், 'வேதத்தில் இல்லை, சண்டைக்கு நடுவில் பிறந்தது' என்பதே. இதை எப்படிச் சபைக்கு முன் போய்ச் சொல்வது?

பாஸ்டர் வந்த ஞாயிற்றுக்கிழமை வானம் இருட்டிக்கொண்டு நின்றது. ஆராதனை முடிந்ததும் யாரும் எழுந்து போகவில்லை. வழக்கமாக வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். தம்பி கதவோரம் தனியாக உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி எதிர்ப்பக்கம், குழந்தை மடியில். இருவரும் அந்த மாதம் முழுவதும் பேசிக்கொள்ளவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பாஸ்டர் கைகாட்டியதும் குறிப்புகளோடு முன்னால் போய் நின்றேன். எளிதாகத் தொடங்கலாம் என்று நினைத்தேன். ஞாயிறு பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தந்ததையே சொன்னேன். தண்ணீர் ஒன்றுதான்; உறைந்தால் ஐஸ், ஓடினால் தண்ணீர், கொதித்தால் ஆவி. அதுபோல...

தம்பி சிரித்துவிட்டான். சந்தோஷமான சிரிப்பு இல்லை.

"அக்கா, அதத்தானே நானும் சொல்றேன்! ஒரே தண்ணி, மூணு வேஷம். ஐஸா இருக்கும்போது அது ஆவியா இல்ல. ஒரே ஆள், மூணு வேல. நீ என் பக்கம் பேசுற, தெரியுதா?"

அவன் சொன்னது சரி. அந்த உவமை அவனுடைய கட்சிக்குத்தான் சாட்சி. நான் படித்த புத்தகங்களே அதைத்தான் சொல்லியிருந்தன. பழக்க தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது. பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். "அப்போ அவரு சொல்றதுதான் சரியா?" என்று ஒரு பெண்குரல் கேட்டது.

கமிட்டித் தலைவர் எழுந்துவிட்டார். "போதும்! டீச்சருக்கே தெரியல. இதுல என்னா பேச்சு? வெளிய போடா நீ!"

"போறேன்லா. நீங்க சொல்லணும்னு இல்ல." தம்பி சாவியை எடுத்துக்கொண்டு நேராக மனைவியிடம் போனான். "வா. பிள்ளையக் குடு. வீட்டுக்குப் போலாம்."

"வர மாட்டேன்."

"குடுன்னு சொல்றேன்ல."

அவன் குனிந்து குழந்தையின் அக்குளுக்கடியில் கைகொடுத்தான். அவள் விடவில்லை. குழந்தை வீறிட்டது. கமிட்டித் தலைவர் பாய்ந்து வந்து தம்பியின் தோளைப் பிடித்து இழுத்தார். தம்பி கையை உதறினான். அவர் பின்னால் சரிந்து நாற்காலியில் மோதினார். இளைஞர்கள் இரண்டு பக்கமும் எழுந்தார்கள். எல்லாமே கண்மூடித் திறப்பதற்குள் நடந்தது. இன்னும் ஒரு கை ஓங்கியிருந்தால் அந்தச் சபை அன்றோடு உடைந்திருக்கும்.

"எல்லாரும் உக்காருங்க!" என்று நான் கத்தினேன். பள்ளிக்கூடத்தில்கூட அப்படிக் கத்தியதில்லை. "உக்காருங்க. நான் இன்னும் முடிக்கல. இப்படித்தான் அந்தக் காலத்துச் சபையிலயும் அடிச்சுக்கிட்டாங்க. அதக் கேட்டுட்டு அப்புறம் அடிச்சுக்குங்க."

என்ன காரணமோ, உட்கார்ந்தார்கள். தம்பி குழந்தையை விட்டான். ஆனால் உட்காரவில்லை, மனைவி பக்கத்திலேயே நின்றான்.

குறிப்புகளைப் பார்க்காமல் பேசினேன். அலெக்சாந்திரியாவில் ஒரு மூப்பர் இருந்தார், குமாரன் இல்லாத ஒரு காலம் இருந்தது என்று போதித்தார், அதாவது இயேசு பெரியவர், ஆனால் படைக்கப்பட்டவர் என்று. அதைப் பாட்டாகக் கட்டி மாலுமிகளும் மாவு அரைப்பவர்களும் பாடினார்கள் என்று சொன்னேன். பட்டணமே இரண்டாகப் பிளந்தது. பேரரசர் ராஜ்ஜியத்துக்கே ஆபத்து என்று பயந்து நிசேயாவில் கூட்டம் கூட்டினார். வந்த பேராயர்களில் சிலர் பழைய உபத்திரவத்தில் கண் பிடுங்கப்பட்டவர்கள், கையில் சூடு வைக்கப்பட்டவர்கள். அந்தக் கூட்டத்தில்தான் குமாரன் பிதாவோடு 'ஒரே சாரம்' என்ற சொல்லை விசுவாசப் பிரமாணத்தில் எழுதிச் சேர்த்தார்கள்.

"அந்தச் சொல் வேதத்துல இல்ல. என் தம்பி கேட்டது சரியான கேள்வி. அவங்களுக்கும் அது உறுத்துச்சு. இந்தச் சொல்லப் போட்டா மூணு பேரையும் ஒரே ஆளாக் கொழைச்சிடுவாங்கன்னு பாதிப் பேருக்குப் பயம். அதனால கூட்டம் முடிஞ்சும் சண்டை முடியல. அரசர் மாறுனா உபதேசம் மாறுச்சு. அந்தச் சொல்லுக்காக நின்ன அலெக்சாந்திரியா பேராயர அஞ்சு தடவ ஊர விட்டுத் தொரத்துனாங்க. பாலைவனத்துல சந்நியாசிங்களோட ஒளிஞ்சு கெடந்தாரு."

மழை தகரத்தில் விழ ஆரம்பித்தது. குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"அதுல ஒரு தடவ அந்த மனுஷன் திரும்பி வந்தப்போ அதே ஊர்ல ஒரு கூட்டம் கூட்டுனாரு. ஒரு கூட்டத்தார் ஒரு கிரேக்கச் சொல்ல வச்சு மூணுன்னு சொல்றாங்க. இன்னொரு கூட்டத்தார் அதே கிரேக்கச் சொல்ல வச்சு ஒண்ணுன்னு சொல்றாங்க. ஒருத்தர ஒருத்தர் கள்ளப் போதகம்னு சொல்லிக்கிட்டு இருந்தவங்க. அவங்கள உக்கார வச்சு, நீ மூணுன்னா என்னா அர்த்தத்துல சொல்ற, மூணு சாமியா? நீ ஒண்ணுன்னா என்னா அர்த்தத்துல சொல்ற, குமாரன்னு நெசமா ஒருத்தர் இல்லையா? அப்படின்னு கேட்டாங்க. ரெண்டு பேருமே, ஐயோ இல்லன்னாங்க. மூணுன்னவங்களுக்கு, குமாரன் வெறும் வேஷமா ஆயிடக் கூடாதேன்னு பயம். ஒண்ணுன்னவங்களுக்கு, கடவுள் துண்டாயிடக் கூடாதேன்னு பயம். அதுக்கு அப்புறந்தான் கப்பதோக்கியாவுல ரெண்டு அண்ணன் தம்பியும் அவங்க கூட்டாளியும் அந்த ரெண்டு சொல்லையும் பிரிச்சு, சாரம்னா இது, ஆள்னா இதுன்னு நிதானமா எழுதுனாங்க. பரிசுத்த ஆவியையும் சேர்த்து."

நான் தம்பியைப் பார்த்தேன். இதைத் திட்டமிட்டு வரவில்லை. 'நீ என்ன அர்த்தத்தில் சொல்கிறாய்' என்ற அந்தக் கேள்வியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தபோதுதான், நாங்கள் யாரும் அதை இவனிடம் கேட்கவில்லை என்பது உறைத்தது.

"நீ சொல்லுடா. ஒரே ஆள்தான்னு நீ சொல்றியே, வசனம் வேண்டாம். உனக்கு அதுல என்னா இருக்கு? எதுக்கு அதப் புடிச்சுக்கிட்டு நிக்கிற?"

அவன் சாவிக்கொத்தைத் திருகிக்கொண்டே இருந்தான். பிறகு என்னிடம் மட்டும் பேசுவதுபோல் பேசினான்.

"ஆஸ்பத்திரியில கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னேன்ல அக்கா. பாத்துக்கிட்டே நின்னேன். எனக்கு ஒண்ணும் செய்ய முடியல, அதனால நின்னேன். அவருக்கு முடியும். எல்லாம் செய்ய முடிஞ்சும், மகன் சாகுறத மேல இருந்து பாத்துக்கிட்டு நின்ன ஒரு அப்பா இருக்காருன்னா, அவர என்னால அப்பான்னு கூப்பிட முடியல. வாய் வரல. அங்க போனேன். மேல யாரும் நிக்கல தம்பி, எறங்கி வந்ததே அவர்தான், செத்ததும் அவரேதான்னு சொன்னாங்க. அன்னிக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு."

கமிட்டித் தலைவர் தலை குனிந்துகொண்டார்.

"அந்தச் சொல்லப் போட்டதே அதுக்குத்தான்டா" என்றேன். "அலெக்சாந்திரியா மூப்பர் சொன்ன மாதிரி இருந்தா, கடவுள் மேல உக்காந்துக்கிட்டு வேற யாரையோ சாகச் சொல்லி அனுப்புனாருன்னு ஆயிடும். இல்ல, வந்தவர் வேற யாரோ இல்ல, கடவுளேதான்னு சொல்றதுக்குத்தான் ஒரே சாரம்னாங்க. நீ வேணாம்னு சொல்ற அந்த அப்பாவ அவங்களும் வேணாம்னுதான் சொன்னாங்க."

"அப்புறம் எதுக்கு மூணு?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவன் மனைவி சொன்னாள். குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே, அந்த மாதத்தில் முதல் முறையாக அவன் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"சிலுவையில அவரு கூப்பிட்டாருல்ல? ஏன் கைவிட்டீங்கன்னு கேட்டாருல்ல? யாருமே இல்லாத எடத்தப் பாத்தா கேட்டாரு? நானும் அன்னிக்கு அப்படித்தான் கூப்பிட்டேன். நீங்க கண்ணாடிக்கிட்ட நின்னீங்க. நான் வார்டுல எழுந்திரிக்க முடியாமப் படுத்து, கூப்பிட்டுக்கிட்டே கெடந்தேன். கேக்க ஒருத்தர் வேணுங்க எனக்கு. நீங்க அந்த ஆளையே எடுத்துட்டீங்க."

பாஸ்டர் எழுந்து அவர்கள் இருவருக்கும் பக்கத்தில் வந்தார். பிரசங்கக் குரலில் பேசவில்லை.

"பெரியவனுக்குக் கொடுத்தது செல்லும். இத நான் சபைக்கு முன்னால சொல்றேன். இதுல எனக்குச் சந்தேகம் இல்ல." தம்பியின் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட வேற எதுவும் கேக்கல. அது செல்லாதுன்னு உங்க வாயால சொல்ல முடியுமா? சொல்ல முடிஞ்சா சொல்லுங்க. நான் தடுக்க மாட்டேன்."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் மனைவி மட்டும் பார்க்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் குடும்பம் அத்தோடு போயிருக்கும். எனக்கும் அவனுக்கும் நடுவில் இருந்ததும் போயிருக்கும்.

அவன் தலையை ஆட்டினான். முடியாது என்று. பிறகு மனைவி பக்கத்தில், காலி நாற்காலியில், உட்கார்ந்தான்.

அன்றைக்கு ஞானஸ்நானம் நடக்கவில்லை. அவன் கேட்கவில்லை, பாஸ்டரும் வற்புறுத்தவில்லை. மழை விட்டதும் அவள் அம்மா வீட்டுக்கே திரும்பினாள். அவன் தன் காரில் பின்னாலேயே போனான். அந்த வாரக் கடைசியில் அவளும் குழந்தையும் செண்டாயான் வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

கடைவீட்டு மாடியில் என்ன நடந்தது என்பதை அவன் பிறகு சொன்னான். போய் அங்கிருந்த தலைவரிடம், இயேசுவே கடவுள் என்பதில் எனக்கு மாற்றம் இல்லை, ஆனால் என் மகன் வாங்கியது ஒன்றுமில்லை என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது என்றானாம். அவர் பொறுமையாகத்தான் கேட்டாராம். அப்படியானால் நீ இன்னும் பாதி வழியில் நிற்கிறாய், முழுசாக வரும்வரை இங்கே வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். "எங்கேயும் சேத்தி இல்லாம ஆயிட்டேன் அக்கா" என்றான். அவன் துக்கம் புதுசு. ஆனால் நான் படித்த பக்கங்களில் அப்படி இரண்டு பக்கமும் இடம் இல்லாமல் போனவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அதை அப்போது அவனிடம் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

சில மாதம் கழித்து அவனே பாஸ்டருக்குப் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் கூடினோம். இந்த முறை குழந்தையைப் பாஸ்டரிடம் நீட்டியவன் அவன்தான். பாஸ்டர் 'பிதா' என்று சொன்னபோது என்னையறியாமல் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தாடை இறுகியிருந்தது. மூன்று பெயரும் சொல்லி முடிந்தது. அவன் மனைவி உரக்க ஆமென் சொன்னாள். அவன் சொல்லவில்லை.

இப்போது அவன் கோயிலுக்கு வருகிறான். கதவோரம் உட்காருகிறான். பாட்டெல்லாம் பாடுகிறான். கர்த்தருடைய ஜெபம் தொடங்கும்போது 'எங்கள் பிதாவே' என்ற முதல் வரியில் அவன் வாய் மூடியிருக்கும். நடுவில் எங்கேயோ சேர்ந்துகொள்வான். கமிட்டித் தலைவர் அவனோடு பேசுவதில்லை. ஆனால் அவன் காருக்கு வழி விட்டுத் தன் காரைத் தள்ளி நிறுத்துகிறார். வீட்டில் சாப்பாட்டுக்கு முன் அவள் ஒரு விதமாக ஜெபிக்கிறாள், அவன் ஒரு விதமாக. குழந்தை இரண்டுக்கும் கை கூப்புகிறது.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து ரந்தாவில் தமிழ் முஸ்லிம் நடத்தும் மாமாக் கடையில் தே தாரிக் என்னும் ஆற்றிய பால் டீ குடித்துக்கொண்டிருந்தோம். தம்பி ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்.

"அந்த அலெக்சாந்திரியா கூட்டம் நடந்துச்சே அக்கா. அதுக்கு அப்புறம் எல்லாரும் சேந்துட்டாங்களா?"

"சில ஊர்ல சேந்தாங்க. அந்தியோக்கியாவுல சேரல. சமாதானம் பேசப் போனவங்க போய்ச் சேர்றதுக்குள்ள ஒருத்தர் அவசரப்பட்டு அங்க போட்டிக்கு ஒரு பேராயர வச்சுட்டாரு. ரெண்டு பேராயர், ரெண்டு சபை. ரொம்ப வருஷம் அப்படியே கெடந்துச்சு."

"ரெண்டு பேரும் ஒண்ணத்தான் நம்புனாங்கன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்."

அவன் அதைப் பற்றி யோசிப்பது முகத்தில் தெரிந்தது. அவன் மனைவி கிளாஸை நகர்த்திவிட்டு, "பிள்ள ஒங்க சட்டையில கறியத் தடவுது பாருங்க" என்றாள். அவன் குனிந்து பார்த்தான்.